படத்தின் அடிவரியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் நெப்போலியனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோர்சிகா தீவில் தொடங்கி வாட்டர்லூ வரைக்கும் ஒரே பக்கத்தில் சொல்லி முடிப்பது எளிதல்ல, எழுதியவர் சிரமப்பட்டிருக்கிறார். என் மனக்குறை அதோடு சேர்த்துப் போட்டிருந்த இரண்டு படங்களைப் பற்றியது. முதல் படத்தில் பெரிய இறகு செருகிய தொப்பியோடு ஒரு சிறிய மனிதர் வாளால் எதையோ வெட்டிக்கொண்டிருக்கிறார். கீழே ‘உருவத்தில் குள்ளமான நெப்போலியன்’ என்று போட்டிருந்தீர்கள். இரண்டாவது படத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையின் மேல், போர்வை காற்றில் பறக்க, கையை உயர்த்தி மலையுச்சியைக் காட்டுகிறார். கீழே ‘ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியன்’ என்று இருந்தது. இரண்டிலும் வரைந்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எந்த நாட்டில் யாருக்காக வரையப்பட்டது என்ற தகவலும் இல்லை. என் பேத்தி இரண்டையும் கத்தரித்து, கீழே இருந்த வரிகளோடு சேர்த்துப் பள்ளிச் செயல்திட்ட நோட்டில் ஒட்டிவிட்டாள். அவள் வகுப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள் ஒட்டினார்களோ!

நான் மதுரையில் பிளாக், அதாவது படம் அச்சிடுவதற்கான உலோகத் தகடு, செய்யும் தொழிலில் இருந்தவன். ஆஃப்செட் அச்சு வந்து எங்கள் தொழில் அடங்கிப்போகும் வரை, பத்திரிகைகளின் கருத்துப்படங்களும் தேர்தல் சின்னங்களும் கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரும் எங்கள் தொட்டியில்தான் துத்தநாகத் தகட்டில் ஏறின. ஓவியர் இந்தியன் இங்க்கில் வரைந்து கொடுப்பார். அதை நெகட்டிவ் எடுத்து, மருந்து பூசிய தகட்டின் மேல் வைத்து ஆர்க் விளக்கைக் காட்டி, நைட்ரிக் அமிலத் தொட்டியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்போம். கோடு மட்டும் மேடாக நிற்கும். மற்ற இடத்தை அமிலம் தின்றுவிடும். எந்தக் கட்சிக்காரரின் படமாக இருந்தாலும் ஓவியரின் கையெழுத்து இருக்கும் மூலையைச் சுரண்டி எடுத்துவிடக் கூடாது என்பது கடையில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அந்தப் பழக்கம் கண்ணில் இருப்பதால், தங்கள் பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் போனது படங்களின் மூலைகளுக்குத்தான்.

முதல் படம் ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கிலேயர் செப்புத் தகட்டில் வரைந்தது. 1805 பிப்ரவரி 26 அன்று லண்டனில் வெளியானது. தாங்கள் போட்டிருப்பது அதன் வலது பாதி. முழுப் படத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதன் நடுவே ஆவி பறக்கும் பிளம் புடிங். உலர்ந்த திராட்சையெல்லாம் போட்டு அவித்து, ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடும் உருண்டை அது. அந்த உருண்டைதான் பூமி. வலப்பக்கம் நெப்போலியன் நாற்காலியை விட்டு எழுந்து, எக்கி, வாளால் ஐரோப்பாவை அறுத்து எடுக்கிறார். இடப்பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட். ஒல்லியாக, நெடுநெடுவென்று உட்கார்ந்திருக்கும் அவர் திரிசூலம் போன்ற முள்கரண்டியைக் கடலில் குத்தி நிறுத்தி, அட்லாண்டிக் பெருங்கடலையும் மேற்கிந்தியத் தீவுகளையும் தன் பக்கம் அறுத்துக்கொள்கிறார். நன்றாகப் பாருங்கள், பிட்டின் துண்டுதான் பெரியது.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் நெப்போலியன் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதானம் பேசிக் கடிதம் எழுதியிருந்தார். அப்படியொரு சமாதானம் வந்தால் நிலம் உனக்கு, கடல் எனக்கு என்ற பங்கீடாகத்தானே முடியும் என்று கில்ரே கேட்கிறார். தன் நாட்டுப் பிரதமரையும் விட்டுவைக்காமல் கேட்கிறார். இவர்களின் பசிக்கு இந்தப் பூமி முழுவதும் போதாது என்று படத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார். பிட்டை வெட்டித் தள்ளியதும் இரண்டு பேராசைக்காரர்களைப் பற்றிய அந்தப் படம் ஒருவரின் உயரத்தைக் கேலி செய்யும் படமாகிவிட்டது. எதிரே நெட்டையான பிட் இல்லாதபோது நெப்போலியன் ஏன் அவ்வளவு சிறிதாக வரையப்பட்டார் என்பதும் பிள்ளைகளுக்கு விளங்காது.

அதைவிட என்னை வருத்தியது, படத்தின் அடியில் இருந்த வரி போய்விட்டதுதான். வெளியான தேதி, வெளியிட்டவர் ஹம்ஃப்ரி, கடை முகவரி செயின்ட் ஜேம்ஸ் தெரு 27 என்று தகட்டிலேயே பொறித்த வரி அது. ஏதோ அலங்காரத்துக்கு எழுதியதல்ல. 1735-இல் இங்கிலாந்தில் வந்த செதுக்கோவியர்களின் உரிமைச் சட்டம், ஒவ்வொரு தகட்டிலும் உரிமையாளர் பெயரும் வெளியீட்டுத் தேதியும் இருக்க வேண்டும் என்று சொன்னது. ஓவியர் ஹோகார்த் முன்னின்று போராடிப் பெற்ற சட்டம். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வரியை யாரும் படிக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எதிரியை ஏசுவதற்காகப் படம் போட்டவர்களே பெயரையும் தேதியையும் முகவரியையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். அதைக் கத்தரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் இறந்தபோது அவருடைய மருத்துவர் அளந்து எழுதிய கணக்கு ஐந்து அடி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அது பழைய பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிட நீளமானது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அடி வரும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களிடையே அவர் குள்ளர் அல்லர், நடுத்தர உயரம் உடையவர்.

அப்படியானால் அவரைக் குள்ளராக்கியது யார்? பெரும்பங்கு கில்ரே தகட்டைக் கீறிய ஊசிக்கு உண்டு. 1798-இல் அவர் வரைந்த நெப்போலியன் ஒட்டிய கன்னமும் மிகப் பெரிய தொப்பியுமாக ஆவேசப்படுகிறவர், குள்ளர் அல்லர். 1803-இல்தான் உருவம் சுருங்குகிறது. 1802-இல் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே கையெழுத்தான ஆமியென் சமாதானம் அப்போது முறிந்துகொண்டிருந்தது. லண்டன் பத்திரிகைகள் தன்னை ஏசுவதை நிறுத்த வேண்டும் என்று நெப்போலியன் பிரிட்டிஷ் அரசிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். லண்டனில் தங்கியிருந்த பெல்தியே என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் மீது அவதூறு வழக்கே நடந்தது. பெல்தியேவுக்காக வாதாடிய ஜேம்ஸ் மக்கின்டாஷ் மறு ஆண்டே பம்பாய்க்கு நீதிபதியாக வந்து சேர்ந்தார். ஜூரி பெல்தியேயைக் குற்றவாளி என்றது. தண்டனை விதிக்கும் முன்பே, மே மாதம், போர் மூண்டுவிட்டது.

போர் அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள், மே 24 அன்று, கில்ரேயின் படம் கடைக்கு வந்துவிட்டது. அறையில் மேசை நாற்காலி கவிழ்ந்து கிடக்க, பூகோள உருண்டை உருண்டு கிடக்க, தன்னைவிடப் பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு சிறிய உருவம் குதிக்கிறது. அதன் வாயிலிருந்து சொற்கள் சாரை சாரையாக வருகின்றன. ஆங்கிலப் பத்திரிகைகள் என்று அலறுகிறது, படையெடுப்பு என்று கத்துகிறது. அதற்கு அடுத்த மாதம் இன்னொரு படம். கலிவர் கதையில் வரும் ராட்சத அரசனாக மூன்றாம் ஜார்ஜ் நின்று, உள்ளங்கையில் நெப்போலியனைப் பூச்சிபோல வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உற்றுப் பார்க்கிறார். பிரெஞ்சுப் படை எந்த நாளும் ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைக் கடந்து வந்துவிடும் என்று இங்கிலாந்தே அஞ்சிக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. அஞ்ச வைத்த மனிதரைக் கைக்குள் அடக்கிக் காட்டியபோது மக்கள் ஆறுதல் அடைந்தார்கள். அந்த ஆறுதலுக்குப் பிறந்த உருவத்தைத்தான் தாங்கள் ‘உருவத்தில் குள்ளமான’ என்ற வரியோடு உண்மைத் தகவலாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

கில்ரேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய கையை நான் வணங்குகிறேன். எங்கள் துத்தநாகப் பிளாக்கில் கோடு மேடாக நிற்கும் என்றேன். அவர் முறையில் கோடு பள்ளம். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு, அதை ஊசியால் கீறிப் படம், பிறகு அமிலம், பள்ளத்தில் மை, ஈரத்தாளை வைத்து அழுத்தம். எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். பாத்திரங்கள் பேசும் வசனத்தைக்கூடக் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். எங்களுக்குக் காமிரா அந்த வேலையைச் செய்தது, அவருக்குக் கண்ணும் கையும் மட்டும். அச்சான தாள்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். வண்ணப் படம் ஒன்றின் விலை பெரும்பாலும் இரண்டு ஷில்லிங் அல்லது அதற்கு மேல். கூலிக்காரர் வாங்கும் பொருளல்ல. ஆனால் ஹன்னா ஹம்ஃப்ரி அம்மையாரின் கடைக் கண்ணாடியில் புதுப்படம் தொங்கவிட்டதும் தெருவே கூடி நின்று பார்த்தது. அந்தக் கூட்டத்தை கில்ரேயே 1808-இல் ஒரு படமாக வரைந்திருக்கிறார். பிக்காடிலியில் இருந்த ஃபோர்ஸ் என்பவரின் கடையில் கேலிப்படத் தொகுப்புகளை ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்குக்கூட எடுக்கலாம்.

அதே கில்ரே அரசின் பணமும் வாங்கினார். ஜார்ஜ் கேனிங் என்ற அரசியல்வாதியின் ஏற்பாட்டில் 1797 முதல் ஆண்டுக்கு 200 பவுண்டு ரகசிய ஊதியம். அதற்கு முன்பு அவர் யாரையும் விட்டதில்லை. 1791-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடப் போன கார்ன்வாலிஸ் உணவும் இல்லாமல் மழையிலும் மாட்டிக்கொண்டு திரும்பியபோது, அவரைக் கழுதை மேல் ஓடவிட்டு, கோட்டை மேல் நின்று திப்பு சுல்தான் அவர் மேல் சிறுநீர் கழிப்பதாகப் படம் போட்டவர் இவர். தன் நாட்டுத் தளபதியை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே! ஊதியம் வந்த பிறகு, பிரான்ஸோடு சமாதானம் வேண்டும் என்று பேசிய எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸ் மீதும் அவர் கூட்டத்தார் மீதும் விழுந்த அடி பலத்தது. ஆயினும் ஃபாக்ஸை அவர் முன்பும் விட்டதில்லை. 1805-இல் பிட்டையும் பெருந்தீனிக்காரராக வரையத் தயங்கவில்லை. பணம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குத் தேதி வேண்டும். தேதியில்லாத கேலிப்படம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தெரியாத வசவு.

இனி இரண்டாவது படம். இது மறுபக்கத்தின் பிரசாரம். ஜாக் லூயி டேவிட் 1801-இல் தீட்டத் தொடங்கிய ஓவியம். 1805 வரைக்கும் அவரும் அவர் பட்டறையும் ஐந்து பிரதிகள் செய்தார்கள். முதல் பிரதியைக் கேட்டவர் ஸ்பெயின் மன்னர் நான்காம் சார்லஸ். நெப்போலியன் 1800 மே மாதம் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்தது உண்மை. ஆனால் படையை முன்னே அனுப்பிவிட்டு, வழிகாட்டியோடு, கோவேறு கழுதையில் போனார். சீறிப் பாயும் குதிரை அங்கே இல்லை, புயலும் இல்லை. ஓவியர் உட்காரச் சொன்னபோது அவர் மறுத்தார் என்றும், மாமனிதர்களின் படம் அவர்களைப்போல இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, அவர்களின் மேதைமை அதில் வாழ்ந்தால் போதும் என்று சொன்னார் என்றும் டேவிடின் மாணவர் எழுதிவைத்திருக்கிறார். டேவிட் தன் மகனை ஏணி மேல் உட்கார வைத்து அந்த இருப்பைப் பார்த்துக்கொண்டாராம். படத்தின் இடது கீழ்மூலையில் பாறைகளைப் பாருங்கள்: போனபார்ட், ஹானிபால், சார்லமேன் என்று பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முன்பு ஆல்ப்ஸைக் கடந்த இரண்டு மாவீரர்களின் வரிசையில் மூன்றாமவர் நான் என்று பாறையைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். தங்கள் பக்கத்தில் இந்த மூலை மங்கலாக அச்சாகியிருந்தது. இந்த ஓவியத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

படங்களின் வலிமையை நெப்போலியன் அறிந்த அளவுக்கு அந்தக் காலத்து அரசர் யாரும் அறியவில்லை என்பது என் எண்ணம். 1800 ஜனவரியில் ஒரே ஆணையில் பாரிஸின் எழுபதுக்கும் மேற்பட்ட அரசியல் பத்திரிகைகளைப் பதின்மூன்றாகக் குறைத்தார். 1811-இல் அவை நான்காகிவிட்டன. 1805-இல் காவல்துறை அமைச்சர் ஃபூஷேக்கு எழுதிய கடிதத்தில், ஓர் ஆங்கிலேயன் பணப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாடு நாடாகக் கெஞ்சுவதுபோல் கேலிப்படம் போடச் சொல்லுங்கள் என்று கருத்தும் அவரே கொடுத்தார். லண்டன் கேலிப்படங்களால் புண்பட்டு முறையிட்ட அதே மனிதர்!

அந்தக் காலத்துப் படங்களில் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கவை இன்னும் எத்தனையோ இருக்கின்றன. 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்ற பிறகு பெர்லினில் ஹென்ஷல் சகோதரர்கள் வெளியிட்ட ஒன்று ஐரோப்பா முழுவதும் நகலெடுக்கப்பட்டது. தள்ளி நின்று பார்த்தால் பக்கவாட்டில் தெரியும் சாதாரண நெப்போலியன் முகம். நெருங்கிப் பார்த்தால் கன்னமும் மூக்கும் நெற்றியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பிணங்கள். தொப்பி, இரையைப் பற்றிய கழுகு. சட்டைக் கழுத்து, சிவப்பாக ஓடும் இரத்தம். மேல்சட்டை, ஜெர்மன் நாடுகளின் வரைபடம். மார்பில் பதக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி வலையும் சிலந்தியும். தோள்பட்டைச் சரிகைக்குப் பதிலாக ஒரு கை, அந்த வலையைப் பிய்க்க வருகிறது. ரஷ்யாவில் டெரெபெனேவ் என்ற ஓவியர் 1812 போரைப் பற்றி எழுத்துக்கு ஒரு கேலிப்படமாகக் குழந்தைகளுக்கு அரிச்சுவடியே செய்தார். அவருடைய படங்கள் சிலவற்றை லண்டனில் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் தம் கைவண்ணத்தில் மறுபடி வரைந்து வெளியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது நெப்போலியன் பக்கத்துப் படம் ஒன்று. 1814-இல் அவரை எல்பா தீவுக்கு அனுப்பிய பிறகு, வயலட் பூக்கும் காலத்தில் திரும்பி வருவார் என்பது அவர் ஆதரவாளர்களிடையே பேச்சாக இருந்தது; அந்தப் பூ அவர்களின் அடையாளமாயிற்று. 1815 மார்ச்சில் அவர் பாரிஸுக்குள் நுழைந்தார். கானு என்ற செதுக்கோவியர் வயலட் பூங்கொத்து ஒன்றை வெளியிட்டார். பார்த்தால் வெறும் பூவும் இலையும்தான். ஆனால் இலைக்கும் இதழுக்கும் இடையே விட்ட வெள்ளை இடைவெளியின் ஓரத்தைக் கண்ணால் தொடர்ந்தால் தொப்பியோடு நெப்போலியன் முகம் தெரியும்; எதிரே மனைவி மரி லூயிஸின் முகம்; நடுவே அவர்கள் மகனின் சிறிய முகம். கோடே போடாமல் மூன்று முகங்கள். எங்கள் கடைக்கு அது வந்திருந்தால் இலை ஓரம் ஒரு மயிரிழைகூட அமிலத்தில் அரிக்காமல் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும். கில்ரே அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. பார்வை மங்கி, சித்தம் கலங்கி, ஹம்ஃப்ரி அம்மையாரின் பராமரிப்பில் சில ஆண்டுகள் இருந்தவர் 1815 ஜூன் 1 அன்று இறந்தார். வாட்டர்லூ போர் ஜூன் 18 அன்று.

சிறுவர் பக்கத்தில் இவ்வளவையும் சொல்ல இடமில்லை என்று தாங்கள் கூறலாம். இவ்வளவும் வேண்டாம். படத்தைப் பாதியாக வெட்டாமல் முழுதாகப் போடுங்கள்; அடியில் ஒரு வரி சேருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதும். ‘இதை யார் வரைந்தார், யார் பக்கம் நின்று வரைந்தார்’ என்று கேட்கத் தெரிந்துவிடும். தேர்தல் நேரத்தில் அதன் கைபேசிக்கு வந்து குவியும் படங்களிடமும் அதையே கேட்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில் இரண்டு படங்களையும் முழுமையாக மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடிவரிகளை நானே எழுதி அனுப்புகிறேன், தாங்கள் திருத்திக்கொள்ளலாம்.

முதல் படத்துக்கு: ‘பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனும் உலகைப் பங்கு போடுகிறார்கள். இங்கிலாந்தின் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிப்படம், லண்டன், 1805. நெப்போலியனின் உண்மையான உயரம் சுமார் 168 செ.மீ.’

இரண்டாவது படத்துக்கு: ‘ஆல்ப்ஸைக் கடக்கும் நெப்போலியன். ஜாக் லூயி டேவிட் தீட்டிய புகழ்ச்சி ஓவியம், பாரிஸ், 1801. அவர் உண்மையில் கோவேறு கழுதையில் கடந்தார்.’

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பிளாக் தொழிலாளி,
மதுரை.